டெஸ்லி எழுதிய நிமிடங்கள்

அத்தியாயம் 9

பிரிஸ்பேனில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த ஆம்பிளையை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று டெஸ்லியைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவாள். நேரத்தை மிச்சம் பிடிப்பதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவான். பேசிக்கொண்டே குடித்த டீக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போவான்.

அவள் புருஷன் கிளைவ் ரட்டர் அப்படித்தான் வந்து சேர்ந்தான், ஒன்பது வாரத்துக்கு முன்னால். போகும்போது யாண்டரூ ஷயர் கவுன்சிலில், அதாவது ஊராட்சியில், வடிகால் பிரிவுக்குத் துணை மேலாளர். வரும்போது செயல்திறன் வித்தகர். வந்த மறுநாளே ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஒயிட்போர்டு ஒன்றை அடித்தான். அதில் மூன்று பெயர்: கிளைவ், டெஸ்லி, மகள் கிரிலி. ஒவ்வொரு பெயருக்கும் கீழே கால் மணி நேரக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு வண்ணக் காந்தம். சமையல் சிவப்பு, துணி நீலம், குப்பைத் தொட்டி பச்சை. கிளைவின் பெயருக்குக் கீழே பெரும்பாலும் மஞ்சள்தான் இருக்கும்.

மஞ்சள் என்றால் திட்டமிடல்.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கவுன்சிலின் தலைமை அதிகாரி ஃபென்னர் மேடத்துக்கு இந்தக் காந்தங்கள் பிடித்துப் போய்விட்டன. பதினான்கு மாதத்துக்கு முன்னால் மெல்போர்னிலிருந்து வந்தவள். எதை எடுத்தாலும் 'பயணம்' என்பாள். சாலைக் குழியை மூடுவதுகூட ஒரு பயணம். அவள் கிளைவைக் கூப்பிட்டு, கவுன்சில் முழுவதும் இதைக் கொண்டுவரச் சொன்னாள். நல்லபடியாக முடித்தால் இயக்குநர் பதவி, கவுன்சில் கார்.

அதற்கான பெரிய கூட்டம் இன்றைக்கு. வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி.

அதனால் காலை ஐந்தரைக்கே வீட்டில் கூட்டம். தினமும் நடப்பதுதான். மூன்று பேரும் ஒயிட்போர்டு முன்னால் நிற்க வேண்டும்.

"உக்காந்தா கூட்டம் இழுக்கும். நின்னா அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சிரும்," என்பான் கிளைவ். ஒன்பது வாரத்தில் ஒருநாள்கூட அது இருபது நிமிடத்துக்குள் முடிந்ததில்லை.

"நேத்து இஸ்திரிக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"பன்னெண்டு நிமிஷம்," என்றாள் டெஸ்லி. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

"பாத்தியா! ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இதுவே நாப்பது நிமிஷம்."

"ஆமா. அதிசயம்தான்."

கிரிலி சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டாள். இருபத்திரண்டு வயது. நர்ஸிங் படித்துக்கொண்டே முதியோர் இல்லத்தில் சாயங்கால ஷிஃப்ட் பார்க்கிறாள். நேற்று வீட்டுக்கு வந்து படுக்கவே வெகுநேரமாகிவிட்டது.

"அப்பா, அந்த மஞ்சள் காந்தத்துல ரெண்டு எனக்குக் குடுங்களேன். நானும் கொஞ்சம் திட்டமிடறேன், படுத்துக்கிட்டே."

"கிண்டலுக்குன்னு தனியா ஒரு கட்டம் ஒதுக்கணுமா கிரிலி?"

"ஒதுக்குங்க. ஆனா கால் மணி நேரம் பத்தாது."

கிளைவ் சிரித்தான். கோபமே வராது அவனுக்கு. அதுதான் டெஸ்லிக்கு அவனிடம் இருக்கிற பெரிய குறை. சண்டை போட்டால் சண்டை போடலாம். இவனோ மழையில் நிற்கிற எருமை மாதிரி நிற்பான்.

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் இவனுடைய எத்தனையோ பித்துகளைப் பார்த்துவிட்டாள். ஒரு சமயம் மண்புழு வளர்த்தான். இன்னொரு சமயம் வீட்டிலேயே பீர் காய்ச்சி, கொல்லையில் பாட்டில்கள் வெடித்துப் பக்கத்து வீட்டு நாய் மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு தேனீ. எல்லாம் ஆறு மாதம். இதுவும் போகும். தன் புருஷன் முட்டாள், ஆனால் சாதுவான முட்டாள் என்ற முடிவுக்கு அவள் எப்போதோ வந்துவிட்டாள். அந்த முடிவில் ஒரு நிம்மதியும் இருந்தது.

எனவே ஒரு வழி வைத்திருந்தாள். அவன் என்ன எண் கேட்கிறானோ அதைச் சொல்லிவிடுவது. அழுகிற பிள்ளை கையில் வாழைப்பழத்தைத் திணிக்கிற மாதிரி. பன்னிரண்டு நிமிடம் என்றால் பன்னிரண்டு. அவன் சந்தோஷமாக அதைக் குறித்துக்கொண்டு போவான், அவள் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்ப்பாள்.

"இன்னிக்குக் கூட்டத்துல நம்ம வீட்டைப் பத்தியும் பேசப் போறேன்," என்றான் கிளைவ், டை கட்டிக்கொண்டே.

"என்ன பேசப் போற?"

"அது அங்க வந்து பாரு. நீ பெருமைப்படுவ."

டீக் கோப்பையை ஒயிட்போர்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

கவுன்சிலின் முன் கவுன்ட்டரில் டெஸ்லிக்குப் பத்தொன்பது வருடம். ஐந்து பெண்கள் இருக்கிற கவுன்ட்டர். வீட்டு வரி, நாய் உரிமம், குப்பைக் கிடங்கு அனுமதி, கல்லறையில் இடம், எல்லாம் அங்கேதான். ஊரில் ஒருவன் பிறந்து வளர்ந்து நாய் வளர்த்துச் செத்துப்போகிற வரைக்கும் அந்த ஐந்து நாற்காலிகளில் ஒன்றுக்கு முன்னால் வந்து நின்றாக வேண்டும்.

மூத்தவள் மெர்ல். அறுபத்தொரு வயது. டெஸ்லிக்கு வேலை கற்றுக்கொடுத்தவள், அவளுடைய ஒரே உற்ற சிநேகிதி. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. புருஷனுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

அன்று காலை பத்து மணிக்கு ஜனெட்டி வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரும்பு போட்டிருப்பவர். எண்பது வயது இருக்கும். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு டெஸ்லி முன்னால் நின்றார்.

"வரி நோட்டீஸ்ல ரெண்டு பேர் இருக்கும்மா. ஒண்ணை எடுக்கணும்."

"யார் பேரை எடுக்கணும் மிஸ்டர் ஜனெட்டி?"

"பியரினா பேரை."

டெஸ்லி எழுந்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாற்காலி போட்டாள். பத்திரம், இறப்புச் சான்றிதழ், வங்கிக் கடிதம் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. சான்றிதழை அவர் தேடி எடுப்பதற்கே பத்து நிமிடம் ஆயிற்று. எடுத்தவர் கொடுக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே பேசினார். அறுவடை நடக்கிற நேரத்தில்தான் மனைவி போனாளாம். மில்லுக்குக் கரும்பு ஏற்றிவிட்டு வந்து பார்த்தால் அடுப்பில் சாஸ் கொதித்துக்கொண்டிருந்ததாம். அணைக்கத் தோன்றாமல் அவர் அதைக் கிளறிக்கொண்டே நின்றாராம்.

"கையெழுத்து எங்க போடணும்மா?"

"இங்க. அவசரமில்ல."

அவர் கிளம்பும்போது மணி பத்தே முக்கால்.

டெஸ்லி நாற்காலிக்குத் திரும்பினாள். கணினிக்குப் பக்கத்தில் நேரத்தாள் இருந்தது. எட்டு வாரமாக இருக்கிற சனியன். கவுன்ட்டருக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுத வேண்டும், கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். கிளைவ் கண்டுபிடித்தது. முதல் நாளே ஐந்து பெண்களும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏண்டி டெஸ், உம் புருஷனுக்கு வீட்டுல அளக்க ஒண்ணும் இல்லையா?" என்று மெர்ல் கேட்டாள்.

"அதைத்தான் நானும் இருபத்தாறு வருஷமாத் தேடறேன்."

சிரித்துச் சிரித்து மெர்லுக்குப் புரையேறிவிட்டது. பிறகு, "எனக்கு இதெல்லாம் வராதுடி. நீயே எழுதிடு," என்றாள். மற்ற மூன்று பேரும் அப்படியே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் டீயோடு உட்கார்ந்து ஐந்து பேர் தாளையும் டெஸ்லிதான் நிரப்புவாள். நாலு, மூணு, அஞ்சு, நாலு. நாலு, மூணு, அஞ்சு, நாலு. கோலம் போடுகிற மாதிரி கை தானாக ஓடும். அவரவர் கையெழுத்தை மட்டும் அவரவர் போட்டுவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல், ஜனெட்டிக்கு நேராக அவள் இப்போதே நாலு என்று எழுதினாள். அந்த மனுஷன் கண்ணீரை இந்தக் காகிதத்தில் எழுதுவது அசிங்கம் என்று தோன்றியது.

இரண்டு மணிக்கு சிவிக் ஹாலில் எண்பது பேர். வாசல் மேசையில் லாமிங்டன் கேக்கும் காப்பியும். சாலைப் பிரிவு ஆட்கள் புழுதி படிந்த பூட்ஸோடு பின்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். டெஸ்லியும் மெர்லும் நான்காவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஃபென்னர் முதலில் பேசினாள். யாண்டரூவின் பயணம், ஊழியர்களின் பயணம், வரி செலுத்துவோரின் பயணம்.

"பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கற மாதிரி இருக்குடி," என்றாள் மெர்ல் காதோடு.

பிறகு கிளைவ் ஏறினான். மைக்கைத் தட்டினான். தண்ணீர் குடித்தான். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற வேலையை ஒத்திப்போடக் கூடாது என்று ஆரம்பித்து, அதை விளக்க ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டான். பின்வரிசையில் யாரோ குறட்டை விடுகிற மாதிரி சத்தம் எழுப்பினார்கள். டெஸ்லி கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரே பார்த்துச் சிரிக்கிறது, இவனுக்கு உறைக்கவில்லையே என்று அவமானமாக இருந்தது. அவமானம்கூடப் பழகிப்போயிருந்தது.

திரையில் அடுத்த படம் வந்தது. அவளுடைய சமையலறை.

ஒயிட்போர்டு, காந்தங்கள், சிங்க். நாற்காலி முதுகில் அவளுடைய பழைய நைட்டி, கக்கத்தில் தையல் விட்டது. எண்பது பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இது எங்க வீடு," என்றான் கிளைவ். "வெறும் பேச்சு இல்ல, வாழ்ந்து பாத்திருக்கோம். ஒன்பது வாரத்துல எம் மனைவி வாரத்துக்கு ஏழு மணி நேரம் மிச்சம் பிடிச்சிருக்காங்க. டெஸ், எழுந்து நில்லு! எல்லாரும் ஒரு கைதட்டல் குடுங்க!"

கைதட்டினார்கள். சாலைப் பிரிவு விசிலடித்தது. வேறு வழியில்லாமல் டெஸ்லி எழுந்தாள். ஏழு மணி நேரம்! அந்த ஏழு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஒயிட்போர்டுக்குக் கீழே, கழுவாத கோப்பைகளுக்குள் இருக்கிறது என்றா?

அவள் நின்றுகொண்டிருக்கும்போதே படம் மாறியது.

ஐந்து பொம்மைகள். மூன்று நீலம். இரண்டு சாம்பல்.

"வீட்டுல முடிஞ்சது அலுவலகத்துல முடியாதா? முன் கவுன்ட்டரை எடுத்துக்குவோம். வர்ற ஆளு ஒருத்தருக்குச் சராசரி நாலு நிமிஷம். இது நான் சொல்றதில்ல, நம்ம ஊழியர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. எட்டு வாரக் கணக்கு. இதன்படி பாத்தா அங்க மூணு பேர் போதும்."

பின்வரிசை ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

டெஸ்லி குனிந்து பார்த்தாள். மெர்லின் கையில் கடித்த லாமிங்டன் பாதி இருந்தது. அவள் மெல்லவில்லை. வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை.

"டெஸ்லி, நீங்க உக்காரலாம்," என்றாள் ஃபென்னர் புன்னகையோடு.

டெஸ்லி உட்காரவில்லை.

"கிளைவ், அந்த எண்ணு பொய்."

முதலில் யாருக்கும் காதில் விழவில்லை. மறுபடி சொன்னாள். இந்தத் தடவை பின்வரிசை வரைக்கும் கேட்டது.

"பொய். நான்தான் எழுதினேன். அஞ்சு பேர் தாளையும் நான்தான் எழுதினேன். வெள்ளிக்கிழமை டீ குடிச்சுக்கிட்டே, கைக்கு வந்ததை எழுதினேன்."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"இதை நாம தனியாப் பேசிக்கலாம் டெஸ்லி," என்றாள் ஃபென்னர்.

"தனியாவே பேசித் தனியாவே எழுதினதுதான் மேடம் இங்க படமா வந்து நிக்குது. இன்னிக்குக் காலைல ஒருத்தர் வந்தார். செத்துப்போன பொண்டாட்டி பேரை நோட்டீஸ்லேர்ந்து எடுக்க. முக்கா மணி நேரம் ஆச்சு. அதையும் நாலுன்னுதான் எழுதியிருக்கேன்."

ஃபென்னரின் புன்னகை போய்விட்டது. "ஏன் அப்படி எழுதினீங்க?"

கேள்வி நியாயமானது. பயந்துதான் எழுதினேன் என்று சொல்லலாம். வேலை அதிகம், நேரமில்லை என்று சொல்லலாம். எதுவும் உண்மையில்லை.

"உண்மையை எழுதற அளவுக்கு அந்தத் தாளுக்கு யோக்கியதை இருக்குன்னு எனக்குத் தோணல மேடம்."

அவள் கிளைவைப் பார்த்தாள். வெட்கப்பட்டால் அவனுக்குக் காது மடல் சிவந்துவிடும். கல்யாண நாளிலேயே பார்த்திருக்கிறாள். இப்போது சிவக்கவில்லை. அவன் நிதானமாக ஒரு பொத்தானை அழுத்தினான். திரை வெள்ளையாயிற்று.

"ஊழியர் குறைப்புப் பத்தின பேச்சு ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைக்கப்படுது," என்றாள் ஃபென்னர். "பொய்த் தகவல் குடுத்ததைப் பத்தி விசாரணை நடக்கும். எல்லாரும் வேலைக்குப் போகலாம்."

ஹாலுக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் மெர்ல் நின்றிருந்தாள். குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்த கொக்கு ஒன்றைப் பார்த்தபடி இருந்தாள். டெஸ்லி பக்கத்தில் போனதும் திரும்பினாள்.

தன்னைக் கட்டிக்கொள்வாள் என்று டெஸ்லி நினைத்தாள். எண்பது பேர் முன்னால் புருஷனை எதிர்த்து நின்றிருக்கிறாள் அல்லவா.

"என் தாள்லயும் நாலுன்னு எழுதினியா?" என்றாள் மெர்ல்.

"எல்லார் தாள்லயும்தான்."

"எட்டு வாரமா?"

"மெர்ல், நீதான என்னை எழுதச் சொன்ன..."

"எழுதச் சொன்னேன். பொய் எழுதச் சொன்னேனா?"

"அது ஒரு முட்டாள் தாள் மெர்ல்! நாம எல்லாரும் சேந்துதான சிரிச்சோம்?"

"சிரிச்சோம். நான் சிரிச்சிட்டுப் போய் வேலையப் பாத்தேன். ஒரு நாளைக்கு நாப்பது பேர். அந்த மிஸஸ் டன் கிழவிக்குப் படிவம் நிரப்பவே ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன். அதையெல்லாம் எழுதியிருந்தா, அஞ்சு பேர் பத்தாது, ஆறு பேர் வேணும்னு அந்தத் தாளே சொல்லியிருக்கும்." மெர்லின் குரல் உயரவேயில்லை. "உனக்கு உம் புருஷன் மேல இளக்காரம். சரி. அது உன் வீட்டு விஷயம். அதுக்கு என் வேலையவா எடுத்து வெளையாடுவ?"

"இப்ப எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டேனே."

"ஒத்துக்கிட்ட. எல்லாரும் உன்னைப் பாத்தாங்க. எங் கையெழுத்தும் அந்தப் பொய்க்குக் கீழதாண்டி இருக்கு."

மெர்ல் கார்க் கதவைத் திறந்து ஏறினாள். கண்ணாடியை இறக்கவில்லை.

டெஸ்லிக்கு அதற்குமேல் அலுவலகத்துக்குள் போகக் கால் வரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் மெர்லுக்குப் பதில் தேடினாள். இளக்காரம் என்ற சொல் மட்டும் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கூட வந்தது.

வீட்டில் கிரிலி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! ஊரு பூரா உன் பேச்சுதான். ரோட்டு ஆளுங்க உனக்குச் சிலை வைக்கப் போறாங்களாம்."

"வாயை மூடு கிரிலி."

கிரிலி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"என்னாச்சு?"

"மெர்ல் எங்கிட்ட பேச மாட்டா போல இருக்கு."

"பேசுவா. நாளைக்கு ரெண்டு திட்டு திட்டிட்டுப் பேசுவா." அம்மாவின் தோளைத் தட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பா மூணு மணிக்கே வந்துட்டார். பின்னாடி வராந்தால இருக்கார். அவரைப் பாத்தா பாவமா இருக்கும்னு போனேன். அப்படி ஒண்ணும் தெரியலம்மா. ஏதோ எழுதிட்டிருக்கார்."

கிரிலியின் கார் போன பிறகு டெஸ்லி பின்பக்கம் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கிளைவ் சட்டையைக் கழற்றிவிட்டு அரை டிராயரோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பீர், பாதி குடித்தது. மடியில் ஒரு காகிதம்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் வந்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவனுக்காக மனசு கொஞ்சம் இளகியிருந்தது. முட்டாளாக இருந்தாலும் அவனும் ஒரு மனுஷன், எண்பது பேர் முன்னால் அவமானப்பட்டவன்.

"கிளைவ், அங்க அப்படிச் சொல்லணும்னு நான் நினைக்கல. அந்தப் பொம்மையைப் பாத்ததும்..."

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் டெஸ்," என்றான். "ரெண்டாவது வாரமே தெரியும்."

"என்ன தெரியும்?"

"நாலு, மூணு, அஞ்சு, நாலு. எட்டு வாரமும் அதே வரிசை. அஞ்சு பேருக்கும் அதே வரிசை. அக்டோபர்ல ஒரு செவ்வாக்கிழமை நீ பல் டாக்டரைப் பாக்கப் போன, ஞாபகம் இருக்கா? வேலைக்கே போகல. அன்னிக்கும் உன் தாள்ல முப்பத்தோரு பேர் வந்துட்டுப் போயிருக்காங்க."

டெஸ்லி அவன் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"வீட்டு இஸ்திரியும் அப்படித்தான்," என்றான் கிளைவ் சாவதானமாக. "இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் ஆகி மூணு வாரம் ஆகுது. நான் பாத்தேன். நீ பாக்கல."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் மேடைல போட்ட?"

"ஃபென்னருக்கு நிஜ எண்ணு வேணாம். மூணு பேர் போதும்னு சொல்ற எண்ணு வேணும். என்னைக் கூப்பிட்டு முதல் நாளே சொல்லிட்டாங்க. அதை நானா எழுதியிருந்தா என்னிக்காவது என் கழுத்துக்கு வந்துரும்." ஒரு வாய் பீர் குடித்தான். "நீயாவே எழுதிக் குடுத்த. கேக்காமலே குடுத்த. கையெழுத்தோட."

பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

"சாம்பல் பொம்மை ரெண்டும் யாரு?" என்றாள் டெஸ்லி.

"நீ இல்ல. உன்னைக் காப்பாத்தாம விடுவேனா? ஒண்ணு மெர்ல். இன்னொண்ணு இன்னும் முடிவாகல." காகிதத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். "நாளைக்கு ஒன்பது மணிக்கு ஃபென்னர் உன்னைக் கூப்பிடுவாங்க. யூனியன் ஆளும் இருப்பான். பதட்டப்படாதே. என்ன சொல்லணும்னு எழுதி வெச்சிருக்கேன். மூத்தவங்க, வேலை கத்துக்குடுத்தவங்க, மெர்ல் சொன்னதாலதான் அப்படி எழுதினேன்னு சொல்லிடு. எப்படியும் போகப்போற வேலைதான் அவளுது. உன் வேலை தங்கும். என் பதவியும் தங்கும்."

"மெர்ல் மேல பழி போடச் சொல்றியா?"

"நீ ஆரம்பிச்சதை முடிக்கச் சொல்றேன். படிச்சுப் பாரு டெஸ். ரெண்டு நிமிஷம் ஆகும்."

குரலில் கோபம் இல்லை. என்றைக்கும் போல அதே இதமான குரல். மண்புழுவுக்குத் தீனி போடும்போதும், தேன்கூட்டுக்குப் புகை காட்டும்போதும் இந்தக் குரல்தான். டெஸ்லி அவன் காதைப் பார்த்தாள். வெயில் பட்டும் அது வெளுத்தே இருந்தது.

முட்டாளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எதற்குத் தலையாட்டுவது, எங்கே பொய் சொல்வது, எப்போது முதுகுக்குப் பின்னால் சிரிப்பது, எல்லாம் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கிறவனோடு எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. இவன் எத்தனை வருடமாக இங்கே உட்கார்ந்திருக்கிறான் என்றும் தெரியவில்லை.

மேசையில் இருந்த அவளுடைய போன் அதிர ஆரம்பித்தது. திரையில் மெர்லின் பெயர்.

"எடுக்காத," என்றான் கிளைவ். "முதல்ல இதைப் படி."

டெஸ்லி ஒரு கையில் காகிதத்தை வாங்கிக்கொண்டு, மறு கையால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"மெர்ல்," என்றாள், புருஷன் முகத்தைப் பார்த்தபடியே. "நீ இப்ப பேசாத. நான் ஒரு காகிதம் படிக்கறேன். அதை மட்டும் கேளு."